ஒரே வயது, ஒரே எடை, ஒரே சுகர் அளவு: வெள்ளைக்காரருக்கு ‘ஓகே’, எங்கள் அண்ணனுக்கு மட்டும் எச்சரிக்கையா?

புதுவயல்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 46, உயரம் 170 செ.மீ., எடை 69 கிலோ. என்னைப் பார்த்து யாரும் குண்டு என்று சொன்னதில்லை, கல்யாண வீட்டுக்குப் போனால் “என்னப்பா, இளைச்சுப் போயிட்டே” என்றுதான் கேட்கிறார்கள். அரிசி ஆலையில் கணக்கு வேலை, காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 104, மூன்று மாத சுகர் சராசரி (HbA1c) 5.8, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 190, நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்.டி.எல். 36. “பார்டர்தான், பயப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆத்தாவுக்கு (அம்மா) சுகர் உண்டு, அப்பச்சிக்கு (அப்பா) இல்லை.

இப்போது விஷயம் என்னவென்றால், லண்டனில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் (49 வயது) அங்கே நாற்பது தாண்டியவர்களுக்கு அரசாங்கக் கணக்கில் செய்யும் செக்கப்புக்குப் போயிருக்கிறார். கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரரும் போயிருக்கிறார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே எடை, சுகரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, இவரை மட்டும் “நீங்கள் தெற்காசியர், உங்களுக்கு ஆபத்து அதிகம்” என்று சொல்லி உணவு, உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அண்ணனுக்குச் சரியான கோபம், இதிலுமா நிறம் பார்ப்பார்கள் என்று. அப்புறம் அவரே உட்கார்ந்து படித்திருக்கிறார், நம் ஆட்கள் ரத்தத்திலேயே டைரோசின் என்று ஒரு அமினோ அமிலம் அதிகமாக இருக்கிறது, அதை வைத்துச் சுகர் வரப்போவதைச் சொல்லலாம் என்று போட்டிருக்கிறதாம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வாய்ஸ் மெசேஜாக வந்துகொண்டே இருக்கிறது.

இது உண்மையா? போனில் ‘அமினோ அமிலப் பேக்கேஜ்’ என்று ஒரு விளம்பரம் வேறு வருகிறது, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்களாம், சில ஆயிரம் ரூபாய் சொல்கிறார்கள், எடுக்கலாமா? அமினோ அமிலம் என்றால் புரதம்தானே, அப்படியானால் உப்புக்கறி, முட்டை எல்லாம் நிறுத்த வேண்டுமா? வீட்டில் இப்போதே அந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

தேவகோட்டை_மருத்துவன் பதில்:

தம்பி, உப்புக்கறியை நிறுத்த வேண்டாம். அளவு உங்கள் கையில்.

உங்கள் அண்ணன் படித்தது சேபர் ஆய்வாகத்தான் இருக்கும். லண்டனின் மேற்கே சவுத்தால், பிரென்ட் பகுதிகளில் 1988 முதல் 1991 வரை 40–69 வயதுக்காரர்களைச் சேர்த்து, ரத்தம் எடுத்து உறைய வைத்துவிட்டு, இருபது வருடம் போல அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஐரோப்பியர், தெற்காசியர், ஆப்பிரிக்க–கரீபியர் என மூன்று கூட்டம். அமினோ அமிலக் கட்டுரை 2015-இல் வந்தது, அதில் ஆண்கள் மட்டும், அதுவும் ஆரம்பத்தில் சுகர் இல்லாதவர்கள்: 1279 ஐரோப்பியர், 1007 தெற்காசியர். பழைய ரத்தத்தில் ஒன்பது அமினோ அமிலங்களை அளந்து பார்த்ததில் ஐசோலூசின், பினைல்அலனின், டைரோசின், அலனின் ஆகிய நான்கும் தெற்காசிய ஆண்களுக்குக் கூடுதல். 19 வருடத்தில் தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களில் தெற்காசியருக்கு 35 சதவீதம் பேருக்குச் சுகர் வந்தது, ஐரோப்பியருக்கு 14 சதவீதம்.

டைரோசின் விஷயம் இதுதான். அது ஒரு படி (புள்ளியியலில் சொல்லும் ஒரு திட்ட விலக்கம்) கூடினால், தொப்பை, இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காதது) எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும், தெற்காசியருக்குச் சுகர் வரும் வாய்ப்பு 1.47 மடங்கு. ஐரோப்பியருக்கு 1.10, அதாவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அமினோ அமிலம் வருங்காலச் சுகரைக் காட்டும் என்பது அதற்கு முன்பே அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் 2011-இல் வந்த செய்திதான், பன்னிரண்டு வருடம் முன்கூட்டியே ஐந்து அமினோ அமிலங்கள் கூடியிருந்ததைக் காட்டினார்கள். நம் ஆட்களிடம் அதே அளவு டைரோசின் இன்னும் கூடுதலாகக் கடிக்கிறது என்பதுதான் சேபர் சேர்த்த புதுசு.

ஆனால் அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இடம். ஐரோப்பியருக்கு இந்த அமினோ அமிலங்கள் உடல் பருமனோடு சேர்ந்து ஏறுகின்றன, நம் ஆட்களுக்கு அந்தத் தொடர்பு தளர்வாக இருக்கிறது. அதாவது மெலிந்து இருப்பவரிடமும் ரத்தத்தில் கோளாறு தெரியலாம். கல்யாண வீட்டில் கிடைத்த “இளைச்சுப் போயிட்டே” சான்றிதழை நம்பி உட்காராதீர்கள். புனேயில் இருக்கும் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்று 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

அதனால்தான் இங்கிலாந்தில் வெள்ளையருக்கு பி.எம்.ஐ. 25-இல் ஆரம்பிக்கும் எச்சரிக்கை நமக்கு 23-இலேயே ஆரம்பிக்கிறது, இந்தியாவிலும் 23 முதல் கூடுதல் எடை, 25 முதல் பருமன் என்றுதான் கணக்கு. உங்களுக்கு 23.9 வருகிறது. அண்ணனிடம் சொல்லுங்கள், நிறம் பார்க்கவில்லை, கொழுப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

புரதத்துக்கு வருவோம். இந்த அளவுகள் எல்லாம் ராத்திரி சாப்பிட்டு, காலையில் வெறும் வயிற்றில் எடுத்தவை. அது முந்தின நாள் கறியைவிட, உடம்பு அமினோ அமிலத்தை எப்படிக் கையாளுகிறது என்பதைத்தான் காட்டும். பினைல்அலனினை முக்கியமாகக் கல்லீரல்தான் டைரோசினாக மாற்றுகிறது, அந்த டைரோசினைப் பெரும்பாலும் சிதைப்பதும் கல்லீரலே. இன்சுலின் சொல்வதைத் தசையும் கல்லீரலும் கேட்காமல் போகும்போது இந்தக் கழிவுவேலை மந்தமாகி ரத்தத்தில் தேங்குகிறது என்பது ஒரு விளக்கம். தேங்குவதால் சுகர் வருகிறதா, சுகர் வரப்போவதால் தேங்குகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களே இரண்டு கட்சி. அதற்காக நம் ஊர்ச் சாப்பாட்டில் ஏற்கெனவே குறைவாக இருக்கும் புரதத்தைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

செக்காலை_சிவா பதில்:

டாக்டர் சொல்வதில் எனக்கு ஒரு சந்தேகம். சவுத்தாலில் இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் பஞ்சாபிகள். பால், நெய், ரொட்டி என்று வளர்ந்து, குளிர் நாட்டுக்குப் போய் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் ரத்தத்தில் எதையோ கண்டுபிடித்துவிட்டு ‘தெற்காசியர்’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் புதுவயல்காரரும் அதில் விழுந்துவிடுவாரா?

இன்னொன்று. எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடையில் இருந்து திரும்பியவர், கடைசி வரை சுகர் கிடையாது. அவருக்கும் எனக்கும் ஒரே மரபணுதானே. மாறியது நாம். வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் விசேஷத்துக்கு என்று இருந்தது, இப்போது சாயங்காலம் ஆனால் எந்தக் கடையில் வேண்டுமானாலும் சூடாகக் கிடைக்கிறது, பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வண்டியில் வீட்டுக்குப் போகிறோம். நடந்து போன தூரத்துக்கெல்லாம் ஸ்கூட்டர். நாட்டளவில் 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கிலேயே நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9 சதவீதம் பேருக்குச் சுகர். கிராமத்தானுக்கும் நகரத்தானுக்கும் ரத்தமா வேறு? ‘இனம்’ என்று சொல்லிவிட்டால் நம் கையில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தேவகோட்டை_மருத்துவன் பதில்:

சிவா, முதல் கேள்வி நியாயமானது. அந்த ஆய்வில் பஞ்சாபிகள்தான் அதிகம், அதை அப்படியே எடுத்துக் காரைக்குடியில் ஒட்ட முடியாது. டைரோசின் 1.47 என்ற எண்ணை நம் ஊர் எண்ணாக நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் பக்கத்து ஆதாரம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்திய தடுப்பு ஆய்வு 2006-இல் வந்தது. எல்லோரும் ‘பார்டர்’ ஆட்கள், அதாவது குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அளவு கூடுதலாக இருந்தவர்கள். சராசரி பி.எம்.ஐ. 26-க்குள்தான். எதுவும் செய்யாமல் விட்ட பிரிவில் மூன்று வருடத்துக்குள் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்துவிட்டது. இதே மாதிரி அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் சராசரி பி.எம்.ஐ. 34, நல்ல பருத்த ஆட்கள், அங்கே மூன்று வருடத்தில் சுமார் 29 சதவீதம். ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறை இரண்டிலும் அச்சாக ஒன்று இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவ்வளவு பருமன் இல்லாத நம் ஆள் வேகமாகப் போய் விழுகிறான் என்பது தெரிகிறது, இல்லையா? ‘பார்டர்தான், பயப்படாதீங்க’ என்ற வார்த்தையை நம் ஊரில் யாரும் சொல்லக் கூடாது என்று நான் சண்டை போடுவது இதனால்தான்.

இரண்டாவது விஷயத்தில் உங்கள் கட்சிதான் நானும். அதே சென்னை ஆய்வில் நடை, சாப்பாடு இரண்டையும் மாற்றியவர்களுக்கு 55 என்பது 39-க்கு வந்தது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை கொடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஐயா காலத்தில் அந்தப் பணியாரத்துக்கு மாவாட்ட ஆட்டுக்கல் இருந்தது, இப்போது கிரைண்டர் சுற்றுகிறது, நாம் டி.வி. பார்க்கிறோம்.

சிக்ரி_பென்ஷன் பதில்:

நான் மருத்துவன் இல்லை, சிக்ரியில் (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) கருவிகளோடு காலம் தள்ளியவன். சேபர்க்காரர்கள் அமினோ அமிலத்தை அளந்தது என்.எம்.ஆர். முறையில் (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறுகளை அடையாளம் காணும் முறை), அதனால் மூக்கை நுழைக்கிறேன். என்.எம்.ஆரில் கொஞ்சம் சீரத்தில் (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீர்) கொழுப்பு, சர்க்கரை, அமினோ அமிலம் என்று ஏகப்பட்டதை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம், ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஒரே சீராக ஓட்டுவதற்கு அருமையான கருவி. கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிட அது போதும்.

தனி ஆளுக்கு அது எதற்கு உதவும் என்பதுதான் கேள்வி. இரண்டு ஊர் ஆண்களின் உயரத்தை அளந்தால் சராசரியில் ஒரு ஊர் கொஞ்சம் உயரமாக வரலாம், ஆனால் ஒருவரின் உயரத்தை மட்டும் சொல்லி அவர் எந்த ஊர் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. டைரோசினும் அப்படித்தான், இரண்டு கூட்டத்தின் அளவுகளும் பெரும்பகுதி ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும். 1.47 மடங்கு என்பது கூட்டத்துக்கான பேச்சு. ‘இந்த எண்ணுக்கு மேல் போனால் சுகர் வரும்’ என்று டைரோசினுக்கு யாரும் கோடு போடவில்லை. பேக்கேஜ் ரிப்போர்ட்டில் ‘இயல்பான அளவு’ என்று ஒன்று அச்சடித்திருப்பார்கள், அது பெரும்பாலும் பிறவிக் கோளாறுகளைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் அளவு. உங்களுக்கு இயல்பு என்றே வரும், நீங்களும் நிம்மதியாக இரண்டு பணியாரம் சேர்த்துச் சாப்பிடுவீர்கள். அந்த ரூபாயில் நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கலாம்.

லேப்_மேசை பதில்:

சிக்ரி ஐயா சொன்னதற்கு வழிமொழிகிறேன். காரைக்குடியில் ரத்தம் எடுக்கும் வேலைதான் எனக்கு. அமினோ அமிலத்தை விடுங்கள், சாதாரணக் குளுக்கோஸே ஒழுங்காக எடுத்தால்தான் சரியான எண் வரும். ரத்தத்தை டியூபில் அப்படியே வைத்திருந்தால் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதைக் கட்டுப்படுத்தத்தான் சாம்பல் மூடி டியூப், உள்ளே ஃப்ளூரைடு இருக்கும், அதுவும்கூட முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முழுதாக நிறுத்தாது. வீட்டில் ஏழு மணிக்கு எடுத்த ரத்தத்தைச் சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டு நாலு ஊர் சுற்றிப் பத்து மணிக்குக் கொண்டுவந்தால் 104 என்று வருவது உண்மையில் எவ்வளவோ. முடிந்தால் லேபுக்கே நேரில் போங்கள்.

மூன்று மாத சராசரிக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இரும்புச் சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் அது கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

முகப்புத்_திண்ணை பதில்:

எல்லாம் ஆண்களுக்குத்தானா? பெண்களை ஏன் விட்டுவிட்டார்கள்? நாங்கள் என்ன சுகர் வராத ஜாதியா?

கேட்டதற்கு என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன் தம்பி. இடுப்பை அளந்தீர்களா? எங்கள் வீட்டில் அவர் “நான் 34 சைஸ் பேன்ட்தான் போடுறேன், 34 இன்ச்னா 86 சென்டிமீட்டர், தொண்ணூறு வரலை” என்று வாதாடிக்கொண்டிருந்தார். பேன்ட்டும் வேட்டியும் நிற்பது தொப்பைக்குக் கீழே. தையல் டேப்பை எடுத்து, சட்டையைத் தூக்கச் சொல்லி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றினால் 97. அதுவும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, “விடுங்க, பேசுங்க” என்று சொன்ன பிறகுதான் உண்மையான எண் வந்தது.

தேவகோட்டை_மருத்துவன் பதில்:

ஆச்சி, நல்ல கேள்வி. ஆரம்பத்தில் அந்தச் சவுத்தால் கணக்கெடுப்பிலேயே பெண்கள் குறைவு, 1991 லான்செட் கட்டுரையில் 3193 ஆண்கள், 561 பெண்கள். அமினோ அமிலக் கட்டுரை ஆண்களோடு நின்றதால் உங்களுக்கு ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லை. பெண்களுக்கு இடுப்பு 80-ஐத் தாண்டக் கூடாது, ஆண்களுக்கு 90.

அளக்கும் முறையை என் கிளினிக் சுவரில் ஒட்டிவைக்கலாம் போலிருக்கிறது.

புதுவயல்காரன் பதில்:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி சொன்ன மாதிரியே அளந்தேன், 94 வருகிறது. இத்தனை நாள் 34 சைஸ் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பேக்கேஜை வேண்டாம் என்று விட்டுவிட்டேன், ஆனால் அந்த விளம்பரம் இன்னும் போனில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அண்ணனுக்கு இந்தத் திரியை அனுப்பினேன், “கொழுப்பு ஒளிந்திருக்கிறது” என்ற வரிக்கு மட்டும் ஒரு கோப முகம் அனுப்பினார், வகுப்புக்குப் போகிறாராம்.

அடுத்து நான் என்னதான் எடுக்க வேண்டும்?

லேப்_மேசை பதில்:

எடுப்பதற்கு முன்னால் காசில்லாத கணக்கு ஒன்று போடுங்கள். சென்னை டாக்டர் மோகன் குழு உண்டாக்கிய இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண், நாலே விஷயம். வயது 35–49 என்றால் 20. ஆண்களுக்கு இடுப்பு 90–99 என்றால் 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சுகர் என்றால் 10. உங்களுக்கு 70. அறுபதும் அதற்கு மேலும் போனால் அதிக ஆபத்து. இந்த நாலில் வயதையும் ஆத்தாவையும் மாற்ற முடியாது, அந்த முப்பதில் கை வைக்கலாம்.

தேவகோட்டை_மருத்துவன் பதில்:

லேப் தம்பி சொன்ன எழுபதோடு உங்கள் டிரைகிளிசரைடு 190, எச்.டி.எல். 36 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்று ஏறி மற்றது இறங்கிக் கிடக்கிறது. நம் ஆட்களின் ரத்தத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஜோடி இது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளே வேலை செய்கிறது என்பதற்கு டைரோசினைவிட மலிவான சாட்சி, ரிப்போர்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் படிக்கவில்லை அவ்வளவுதான்.

நீங்கள் எடுக்க வேண்டியது ஜி.டி.டி., அதாவது குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனை. வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது இல்லை, அது நீங்கள் மூன்று இட்லியோடு நிறுத்தினால் ஒரு எண்ணும் ஆறு இட்லி சாப்பிட்டால் ஒரு எண்ணும் காட்டும். லேபில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள், ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், குமட்டினால் கொஞ்சம் எலுமிச்சை பிழியச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து 140-க்குக் கீழே இருந்தால் நல்லது, 140 முதல் 199 வரை இருந்தால் அந்தச் சென்னை ஆய்வில் சேர்த்த ஆட்கள் மாதிரி, 200-உம் அதற்கு மேலும் என்றால் சுகர் கணக்கில் வரும், இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வோம்.

முக்கியமாக ஒன்று: ரிசல்ட் நன்றாக வரட்டும் என்று மூன்று நாள் முன்னாலேயே சோற்றைக் குறைத்துவிட்டு வராதீர்கள். அப்படிக் குறைத்தால் எண் தாறுமாறாகக் கூடிக் காட்டலாம். வழக்கம்போலச் சாப்பிட்டு, முந்தின இரவு எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், காலையில் டீ கூடாது, தண்ணீர் குடிக்கலாம். குளுக்கோஸ் குடித்த பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பாமல், சிகரெட் பிடிக்காமல், லேபிலேயே உட்கார்ந்திருங்கள்.